உயிரோடு இருக்கிறவளுக்கு ஒரு சாவு கானா

நான் செத்துப்போனதைப் பற்றி ஒரு பாட்டு இருக்கிறது. அதைப் பாடியவன் போய்ச் சேர்ந்துவிட்டான். நான் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பாட்டு இன்னும் எங்கள் நிலையத்துக் கணினியில் இருக்கிறது. அதை அழித்துவிடு, அபசகுனம் என்று பல பேர் சொல்லிவிட்டார்கள். அவரவர் வேலையைப் பாருங்கள் என்று நானும் சொல்லிவிட்டேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால், ஒரு தையல் பயிற்சிக் கூடத்தின் மாடியில் இருக்கிறது எங்கள் சமுதாய வானொலி நிலையம். நிலையம் என்றதும் பெரிய கட்டடத்தை எதிர்பார்த்து வருகிறவர்கள் கீழே தையல் மெஷின்களைப் பார்த்துவிட்டு, விலாசம் தப்பு என்று திரும்பிப் போனதுண்டு. மாடியில் இரண்டே அறை. ஒன்றில் ஒலிபரப்புக் கருவி, இன்னொன்றில் நான். சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி, மேலே பழைய போர்வைகளைத் தொங்கவிட்டிருக்கிறோம். அப்படியும் பக்கத்துக் கம்பி ஆலையில் கம்பி விழும் சத்தம் எல்லாப் பதிவுகளிலும் ஒரு ஓரமாகக் கேட்கும். இந்தப் பக்கம் கவரைப்பேட்டை தாண்டினால் எங்கள் குரல் கரகரக்கும். அந்தப் பக்கம் ஆரம்பாக்கம் போனால் தெலுங்கு நிலையம் எங்களை விழுங்கிவிடும். நடுவில் இருக்கும் ஊர்களுக்கும் டீக்கடைகளுக்கும் கம்பெனி கேன்டீன்களுக்கும்தான் நாங்கள்.

மத்தியானம் ஒரு மணிக்கு என் நிகழ்ச்சி. பெயர் ‘கலந்து கட்டி’. சினிமாப் பாட்டு கிடையாது. அதைப் போட எங்களுக்கு உரிமை இல்லை, எனக்கு ஆசையும் இல்லை. காலை ரயிலில் கடம்பத்தூரிலிருந்து வேலைக்குப் போகிறவர்கள் பெட்டிக்குள் பாடும் பஜனை, எளாவூர்ப் பக்கம் நாற்று நடும்போது பெண்கள் பாடும் தெலுங்குப் பாட்டு, வள்ளூரில் கரி இறக்கும் வேலை செய்பவர் மதிய இடைவேளையில் வாசித்த மவுத் ஆர்கன், காட்டுப்பள்ளியில் வெல்டிங் பார்க்கும் ஒடியாக்காரப் பையன்கள் போனில் பதிந்து அனுப்பிய கோயில் பாட்டு, ஞாயிறு ஜெபக் கூட்டத்துக் கீபோர்டு என்று கையில் கிடைத்ததெல்லாம் போடுவேன். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் சம்பந்தம் இருக்காது. “இது நிகழ்ச்சியா, இல்ல மிக்சர் பொட்டலமா?” என்று எங்கள் நிலையப் பொறுப்பாளர் கேட்பார். மிக்சர் பிடிக்காதவர்கள் வேறு கடை பார்க்கட்டும் என்பேன். அவர் நல்ல மனிதர். என் வாய்க்குப் பயந்து பாதி விஷயங்களில் தலையிட மாட்டார்.

எல்லாம் வந்தும் என் நிகழ்ச்சியில் சாவு கானா மட்டும் வரவில்லை. அது எனக்குப் பெரிய குறையாக இருந்தது. எங்கள் பக்கம் ஒருவர் செத்தால் மேளமும் பட்டாசும் பூப்பல்லக்கும் எப்படி நிச்சயமோ அப்படி இதுவும் நிச்சயம். பாடுகிறவன் வந்து உட்கார்ந்து, செத்தவர் பெயர் என்ன, என்ன வேலை பார்த்தார், எப்படிப் போனார், யார் யார் அழுகிறார்கள் என்று கேட்டுக்கொள்வான். கேட்டதையெல்லாம் அங்கேயே பாட்டில் கோத்துவிடுவான். வரிக்கு வரி செத்தவரின் பெயர் வரும். பெயர் இல்லாமல் சாவு கானா இல்லை.

அப்படிப் பாடுகிறவர்களில் ஒருவனைப் பற்றி எல்லோரும் சொன்னார்கள். கம்பி ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. முப்பது வயதுகூட ஆகவில்லை. அவன் பாடினால் செத்தவருக்கு ஆகாதவர்கள்கூட அழுதுவிடுவார்கள் என்றார்கள். ஆள்விட்டுக் கூப்பிட்டேன். வேலை இல்லாத ஒரு நாள் பார்த்து வந்தான். ஒல்லியான உடம்பு. சிரித்தால் முகம் முழுக்கச் சிரிக்கும். அறையைச் சுற்றிப் பார்த்தான், சுவரைத் தடவினான்.

“இன்னாக்கா இது, கோழிப் பண்ணையா?”

“வாய மூடிக்கினு பாடுறா,” என்றேன்.

“பாடுறேன். யாருக்கு?”

“யாருக்குன்னா?”

“யாரு செத்தாங்கோ?”

“யாரும் சாவல. ரேடியோக்கு சும்மா ஒண்ணு பாடு.”

உட்கார்ந்தவன் எழுந்துவிட்டான். “சும்மால்லாம் பாட முடியாதுக்கா. சாவு உழாத எடத்துல சாவுப் பாட்டு பாடக்கூடாது. எங்கூட்லகூட நான் வாயத் தெறக்க மாட்டேன். பழகிப் பாக்கணும்னா ஏரிக்கரைக்குப் போய்டுவேன்.”

“போன மாசம் யாருக்குப் பாடுன? அவரு பேரையே போடு.”

“அவங்க ஊட்ல கருமாதி முடிஞ்சிபோச்சு. போனவர மறுபடி இட்டாந்து அழ வெக்கலாமா?”

“அப்ப இல்லாத பேரு ஒண்ணு போடேண்டா.”

“இல்லாத பேருன்னு எதுக்கா கீது? நான் எந்தப் பேரு சொன்னாலும் அந்தப் பேர்ல இந்த ஏரியால ஒருத்தன் இருப்பான். டீக்கடைல குந்திக்கினு கேப்பான். கேட்டுட்டு என்னத் தேடிக்கினு வருவான்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒரு மாதமாகக் கூப்பிட்டு, வந்தவனை இப்படியே அனுப்பவா? “எம்பேரப் போடு,” என்றேன். “எனக்குப் பயமும் இல்ல, கேக்க ஆளும் இல்ல.”

என்னை மேலும் கீழும் பார்த்தான். “நெசமாவா சொல்ற?”

“நெசமாத்தான். குந்து.”

தயங்கித் தயங்கி உட்கார்ந்தான். பிறகு தொழில்காரன் ஆகிவிட்டான். “எப்டி செத்த?” என்று கேட்டான். இத்தனை வருடத்தில் என்னிடம் யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

“அதையும் நான்தான் சொல்லணுமா? நீயே பாத்து ஏதாவது பண்ணு.”

“யாரு அழுவுறாங்கோ?”

“ஒருத்தரும் இல்ல. அம்மா போய்ட்டா. கண்ணாலம் கட்டல. கூடப் பொறந்தவங்களும் இல்ல.”

அவன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. “அழ ஆளு இல்லாம பாட்டு எப்டிக்கா நிக்கும்?” என்று முனகிக்கொண்டான்.

பதிவை ஓடவிட்டேன். தொண்டையைக் கனைத்தான். பெரிதாக ஒன்று, அடுத்து சின்னதாக ஒன்று. மேளம் கொண்டுவரவில்லை. மேஜையில் இரண்டு விரலால் தட்டிக்கொண்டு எடுத்தான். சாவு வீட்டு ஸ்பீக்கரில் கேட்டுப் பழகிய காதுக்கு அந்தக் குரல் புதிதாக இருந்தது. கத்தல் இல்லை, கரகரப்பு இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக நியாயம் கேட்கிற குரல். முதல் வரி முடிகிற இடத்தில் என் பெயரைச் சொன்னான். பெயரோடு ஒரு ‘அக்கா’ சேர்த்தான். இரண்டாவது வரியில் அந்த அக்கா செத்துவிட்டாள்.

வீரமெல்லாம் வாயோடு சரி. என் உடம்பைக் கூடத்தில் கிடத்தி வைத்துவிட்டு, என்னையே தலைமாட்டில் நிற்கச் சொன்னது போல இருந்தது. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு நைசாகக் கதவைத் திறந்து வெளியே வந்துவிட்டேன். அவன் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்ததால் நான் எழுந்துபோனதைப் பார்க்கவில்லை. படிக்கட்டில் நின்று கீழே தையல் மெஷின் ஓடுவதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

வெகுநேரம் கழித்து வெளியே வந்தான். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. “முடிஞ்சிதுக்கா. டீ சொல்லு.”

“எப்டி வந்துது?”

“நல்லா அழுவலாம்,” என்று சிரித்தான். டீயைக் குடித்துவிட்டுப் போகும்போது திரும்பி வந்து சொன்னான். “அப்டியே போட்டுடாதக்கா. உம்பேரு வர்ற எடத்தயெல்லாம் வெட்டிட்டுப் போடு. நீ நல்லா இருக்கணும்.”

வெட்டவேண்டும், வெட்டவேண்டும் என்று தள்ளிப்போட்டேன். இன்றைக்கு நாளைக்கு என்று மாதங்கள் ஓடின. அதைத் திறந்தால் மறுபடி என் பெயரைக் கேட்க வேண்டும். அதற்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

மழை விட்ட ஒரு காலையில் அவன் செத்துப்போனான். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வண்டியில் வீட்டுக்குப் போகும்போது கன்டெய்னர் லாரி. லாரிகளை எடை போடும் எடைமேடைக்கு எதிரே இருக்கும் வளைவில். வாட்ஸப்பில்தான் செய்தி வந்தது. நாஷ்டாவுக்கு வைத்த இட்லியை அப்படியே மூடி வைத்துவிட்டு ஓடினேன்.

அவன் கூடப் பாடுகிற பையன்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். ஒருவன் மைக்கைப் பிடித்து அவன் பெயரைச் சொன்னான், அதற்குமேல் வரவில்லை. இன்னொருவன் வாங்கினான். அவனாலும் முடியவில்லை. ஊருக்கெல்லாம் பாடியவனுக்கு மேளம் மட்டும்தான் அடித்தார்கள். அவன் பெண்டாட்டி ஒன்றரை வயதுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. “அழுதுடுடி, நெஞ்ச அடைச்சிக்கும்,” என்று பெண்கள் அவள் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். மாமியார் அவளை ஒரு மாதிரி பார்த்தாள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. மாலையைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் நிலையத்தில் யாரும் வருவதற்கு முன்னால் உட்கார்ந்து அந்தப் பதிவைத் திறந்தேன். அவன் குரலைக் கேட்கவேண்டும் போல் இருந்தது, அதனால்தான். என் பெயர் வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். நான் பேசுகிற பேச்சு, போடுகிற சண்டை, போர்வை தொங்கும் அறை எல்லாம் வந்தன. அடுத்து இது வந்தது:

எடமேடை வளைவுல கன்டெய்னரு வந்துச்சு
எங்கக்கா பேசுன பேச்ச பாதியில நிறுத்துச்சு

பட்டென்று நிறுத்தினேன். எழுந்து வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். யாருக்குப் பயந்து போட்டேன் என்று இப்போதும் தெரியவில்லை.

இந்தப் பகுதியில் லாரியில் ஆள் அடிபடாத ஊர் இல்லை. அந்த வளைவில் ஏற்கெனவே பல பேர் போயிருக்கிறார்கள். பாட்டுக்கு ஒரு சாவு வேண்டும், கையில் கிடைத்ததை எடுத்துப் போட்டிருக்கிறான். இதையெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மண்டைக்குப் புரிந்தது, உடம்புக்குப் புரியவில்லை. எனக்கென்று பாடியதை அவனே போய் வாங்கிக்கொண்டானா? அல்லது என்னைத் தேடி வந்தது ஆள் மாறிப்போனதா? வளைவு வருவதற்கு முன்னாலேயே ஷேர் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கி, வயல் வரப்பில் சுற்றிக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன். “இன்னாக்கா, சுகரா? டாக்டர் நடக்கச் சொன்னாரா?” என்று ஆட்டோக்காரர் கிண்டல் செய்தார். பதிலுக்குத் திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை.

அறைக்குள் இன்னும் மோசம். ஒடியாப் பாட்டு ஓடும்போது நடுவில் இரண்டு விரல் மேஜையில் தட்டுவது கேட்கும். ஹெட்போனைக் கழற்றினால் கேட்காது, மாட்டினால் கேட்கும். பாட்டை நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி கேட்பேன். அதில் தட்டலே இருக்காது. எதிரில் இருந்த நாற்காலியை வெளியே எடுத்துப் போட்டேன். அது இல்லாத இடம் அதைவிடப் பேஜாராக இருந்தது, திரும்பக் கொண்டுவந்து வைத்தேன்.

ஒரு நாள் நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தது. ஒரு தெலுங்குப் பாட்டை ஓடவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். பாட்டு முடிந்ததும் கணினி தானாக அடுத்த பதிவுக்குத் தாவியது. நான் அன்றைக்குத் திறந்து கேட்ட அந்தப் பாட்டு வரிசையிலேயே தங்கியிருந்திருக்கிறது. ஸ்பீக்கரில் தொண்டையைக் கனைக்கும் சத்தம் வந்தது. பெரிதாக ஒன்று, சின்னதாக ஒன்று. டம்ளரைப் போட்டுவிட்டுப் பாய்ந்தேன். மேஜையில் விரல் விழுவதற்குள் நிறுத்திவிட்டேன். மவுத் ஆர்கனைப் போட்டுவிட்டு மூச்சு விடுகிறேன், போன் அடிக்கிறது.

“ரேடியோ ஸ்டேசனா?” ஒரு பெண் குரல், ரொம்ப மெதுவாக.

“ஆமா, யாரு பேசுறது?”

“இப்ப ஒருத்தரு கனைச்சாரே. அது எங்கூட்டுக்காருக்கா.”

ஒரு கனைப்பு. அதில் எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

“காலைல எந்திரிச்சதும் அப்டித்தான் கனைப்பாரு. எனக்குத் தெரியாதா? பக்கத்து ஊட்டு ரேடியோல கேட்டுது. கொழந்தகூடத் திரும்பிப் பாத்துச்சு. உங்ககிட்ட ஒரு பாட்டு பாடியிருக்கேன்னு சொன்னாருக்கா. அதப் போடுறீங்களா?”

அவன் பாடி அவள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கல்யாணம் ஆன கையோடு பிள்ளை உண்டாகியிருந்தாள், சாவு வீட்டுக்குப் போகக்கூடாது என்றார்கள். பிறகு கைக்குழந்தை, அப்போதும் போகக்கூடாது. வீட்டில் அவன் வாயைத் திறக்க மாட்டான். இரண்டு பேர் போனில் எடுத்த வீடியோக்களை யார் யாரோ அனுப்பியிருந்தார்கள். “அதுல மோளந்தான்க்கா கேக்குது. விசிலு கேக்குது. அவரு வாய்தான் அசையுது,” என்றாள். கருமாதி முடியும் வரைதான் அது சாவு வீடு. முடிந்துவிட்டால் அப்படிப்பட்ட பாட்டே வீட்டுப் பக்கம் வரக்கூடாது, பிள்ளை இருக்கிற இடம் என்று மாமியார் சொல்லிவிட்டாளாம். அவளுக்கு இருந்தது கொஞ்ச நாள்தான்.

“போன்ல அனுப்பட்டாம்மா? நீ மட்டும் கேளு,” என்றேன்.

“வேணாம்க்கா. நானா போட்டுக் கேட்டா, சாவப் போன்ல வெச்சிக்கினு கொஞ்சுறா பாருன்னுவாங்க. ரேடியோல தானா வந்தா யாரு இன்னா சொல்ல முடியும்?”

அதற்குமேல் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. அது யாருக்குப் பாடிய பாட்டு என்று சொன்னேன். என் பெயர் வரும் என்றேன். அவள் ம் என்றாள். “அதுல நான் லாரில அடிபட்டுச் சாவுறேம்மா. அவன்தான் அப்டிப் பாடுனான்.”

“எந்த எடத்துல?” என்றாள்.

“எடமேடை வளைவு.”

போனில் குழந்தை ஏதோ மழலை பேசியது கேட்டது. பிறகு அவள் வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் முழுக்க அவள் என்னைச் சபித்துக்கொண்டிருப்பாள் என்றே நினைத்தேன். சபிக்கட்டும், எனக்கு வேண்டும் என்றும் தோன்றியது, நான் என்ன செய்தேன் என்று கோபமும் வந்தது. ஆனால் அடுத்த நாள் அதே நேரத்துக்கு அவளே போன் செய்தாள்.

“போடுங்கக்கா.”

நான் நேரடியாகக் கேட்டேன். கேட்காமல் என்னால் இருக்க முடியாது. “எனக்கு வரவேண்டியது உம்புருசனுக்கு வந்துடுச்சுன்னு நெனைக்கிறியா?”

“தெரியலக்கா. நெனப்பு வருது. பொய் சொல்ல மாட்டேன்.” மூக்கை உறிஞ்சவில்லை, குரல் உடையவில்லை, காய்ந்த குரலாகவே பேசினாள். “ஆனா அவரு பாட்ட ஊரே கேட்டுக்குது, நான் கேக்கல. அவரு ஷிஃப்டுக்குப் போன மாரியே கீது எனக்கு. அழுவ வரல. எல்லாம் எம்மூஞ்சியப் பாத்து பாத்துப் பேசுறாங்கோ. ஒரு தபா கேட்டுடுறேன்க்கா.”

பொறுப்பாளரிடம் சொன்னேன். மனிதர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். “உயிரோட இருக்கிற ஆளு செத்துட்டதா நம்ம ஸ்டேஷன் சொல்றதா? ஊர்ல நாளைக்கு யாரு நம்மள நம்புவாங்க? பேரை வெட்டிட்டுப் போடுங்க.” அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. உட்கார்ந்து வெட்டிப் பார்த்தேன். என் பெயர் வரும் இடத்தில்தான் அவன் மூச்சை இழுக்கிறான். பெயரை எடுத்தால் மூச்சும் போய்விடுகிறது. வெட்டி ஒட்டியதைப் போட்டுக் கேட்டால் மூச்சுத் திணறுகிற மனிதன் பாடுவது போல இருந்தது. சே, இதையா அவளுக்குக் கொடுப்பது? எல்லாவற்றையும் பழையபடி சேர்த்தேன். பாட்டுக்கு முன்னாலும் பின்னாலும் நானே என் வாயால் விளக்கம் சொல்கிறேன் என்று அவரிடம் சத்தியம் செய்யாத குறையாகக் கேட்டு வாங்கினேன்.

அவரைச் சம்மதிக்க வைத்தேன், என்னைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. இதுவரை அந்தச் சாவு ஒரு கணினிக்குள் கிடந்தது. நாளைக்கு அது பத்து ஊருக்குக் கேட்கப்போகிறது. வழி தவறிப்போன ஒன்றுக்கு நானே கைகாட்டி, நான் இங்கேதான் இருக்கிறேன் என்று கூப்பிடுவது போல இருந்தது. படித்தவள் இப்படி நினைக்கலாமா என்று கேட்காதீர்கள். அந்த அறையில் தனியாக ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள், தெரியும்.

கருமாதிக்கு முந்தின நாள் மத்தியானம். மைக்கைத் திறந்து, “இப்ப வரப்போற பாட்டுல ஒரு பேரு வரும். அது எம்பேருதான். நான் நல்லாத்தான் இருக்கேன், யாரும் பயப்படாதீங்க,” என்று சொன்னேன். பாடியவன் யார் என்றும் சொன்னேன். பாட்டை ஓடவிட்டேன். இந்தத் தடவை ஹெட்போனைக் கழற்றக்கூடாது என்று இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். கனைத்தான், தட்டினான், என்னைக் கொன்றான். வளைவு வந்தது, லாரி வந்தது. போன் அடிக்க ஆரம்பித்தது. பாதியில் ரேடியோ போட்டவர்களாக இருக்கும், நான் எடுக்கவில்லை. கதவருகே பொறுப்பாளர் வந்து நின்றார். லாரிக்கு அப்பால் அந்தப் பாட்டில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பாடிய அன்று நான் வெளியே நின்றிருந்தேன், அவன் செத்த மறுநாள் பாதியில் நிறுத்திவிட்டேன்.

கொஞ்சம் இடைவெளி விட்டு, விரலை மட்டும் தட்டிக்கொண்டிருந்தான். எதையோ யோசித்திருக்கிறான். பிறகு இன்னும் கீழே இறங்கிய குரலில் எடுத்தான்:

அண்ணன் இல்ல தம்பி இல்ல அழுவ யாருக்கா
எங்கூட்டுக்காரி ஓடி வர்றா எடம் உடுக்கா
எம்பாட்டு கேக்காத பொண்ணு, பாசக்காரிக்கா
பக்கத்துல குந்திக்கினு அழுவப் போறாக்கா

எனக்கு அழ ஆள் இல்லை என்று சொன்னதற்கு, பாட்டு நிற்கவேண்டுமே என்று, தன் வீட்டிலிருந்தே ஆளை அனுப்பியிருக்கிறான். அவளை எனக்கு அப்போது தெரியவே தெரியாது. அடுத்தடுத்த வரிகள் முழுக்க அவள்தான். அவள் அழுவதை அவனே பாடினான், அழுகிறவளைத் தேற்றியும் பாடினான். வீட்டில் வாயைத் திறக்காதவன், இவள் கேட்கவே மாட்டாள் என்ற தைரியத்தில் அவளைப் பற்றி மனதில் இருந்ததையெல்லாம் கொட்டியிருக்கிறான். எவளோ ஒருத்தியின் சாவில் வைத்து.

பாட்டு முடிந்தது. மைக்கைத் திறந்தேன். நான் உயிரோடு இருக்கிறேன் என்று சொல்லவேண்டும், அவ்வளவுதான் வேலை. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. பேச்சு பாதியில் நின்றுவிட்டது என்று பாடினானே, அப்படியே நின்றுவிட்டது. பத்து ஊர் டீக்கடைகளிலும் ரேடியோ ஊமையாக இருக்கிறது. பொறுப்பாளர் கதவருகே நின்று பேசுங்கள், பேசுங்கள் என்று கையை ஆட்டுகிறார். நான் நிஜமாகவே செத்துவிட்டேனோ என்று ஒரு நிமிடம் எனக்கே சந்தேகம் வந்தது.

மறுபடி போன் அடித்தது. அவள் எண். போன் பேச்சை நேரலையில் சேர்க்க எங்களுக்குக் கருவி எதுவும் கிடையாது. போனை ஸ்பீக்கரில் போட்டு மைக்குக்குப் பக்கத்தில் பிடிப்போம். வேறு எதுவும் தோன்றாமல் அப்படிப் பிடித்தேன்.

“அக்கா நல்லா கீறாங்கோ,” என்றாள். என்னிடம் பேசவில்லை, ஊரிடம் பேசினாள். பின்னால் அவள் மாமியாரின் குரல் ஏதோ கேட்டது, அதற்கும் சேர்த்துச் சத்தமாகச் சொன்னாள். “யாரும் பயப்படாதீங்க. அக்கா உயிரோடத்தான் கீறாங்கோ.” மூச்சு வாங்கினாள். “செத்தது எங்கூட்டுக்காரு.”

அதற்கப்புறம் அவள் அழுதாள். அன்றைய நிகழ்ச்சியில் மீதி இருந்த நேரமெல்லாம் அந்த அழுகைதான் போனது. பொறுப்பாளர் நிறுத்தச் சொல்லவில்லை. கை வலித்தபோது போனை இன்னொரு கைக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டேன்.